சளி ரிப்போர்ட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிராங்கியெக்டாசிஸ், சி.ஓ.பி.டி., சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என நுரையீரலில் நாள்பட்ட நோய் உள்ளவர்களின் சளி கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) சில சமயம் எம்.ஆர்.எஸ்.ஏ. வரும். வழக்கமான மருந்துகளுக்கு மசியாத ஸ்டாஃப் (ஸ்டாஃபிலோகாக்கஸ்) கிருமி இது. பெயரைப் பார்த்ததும் வீடே கலங்கிப்போகும். ஆனால் முதல் தவறு அதற்கு முன்பே, டப்பாவில் துப்பும்போதே நடந்திருக்கலாம்.

பலர் கொடுப்பது சளி அல்ல, எச்சில். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் ஸ்டாஃப் ஆரியஸ் (எம்.ஆர்.எஸ்.ஏ.வும் இதில் ஒரு வகை) சும்மாவே குடியிருக்கும். எச்சிலைச் சோதித்தால் அந்தக் கிருமி வளரக்கூடும். நுரையீரலின் நிலை தெரியாது. காலையில் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, அடியிலிருந்து இருமி 2 முதல் 5 மில்லி எடுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுத்து, 2 மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொடுத்துவிட வேண்டும். ரிப்போர்ட்டில் கிராம் ஸ்டெயின் (சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது) வரியையும் படியுங்கள். ஒரு பார்வைப்புலத்தில் சீழ்ச் செல்கள் 25க்கு மேலும், வாயிலிருந்து வரும் எபிதீலியல் செல்கள் 10க்குக் கீழும் இருந்தால் நல்ல சளி. எண்ணிக்கை தலைகீழாக இருந்தால் மறுபடி கொடுப்பதே மேல்.

நல்ல சளியில் வந்தாலும் உடனே மருந்து என்றில்லை. கிருமி தங்கியிருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு. சளி கூடி நிறம் மாறியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா, மூச்சிரைப்பு ஏறியதா, எக்ஸ்ரேயில் புது நிழல் தெரிகிறதா? எதுவுமே இல்லாதவருக்கு ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் ஊசி போடுவது பெரும்பாலும் வீண். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இதில் கொஞ்சம் விலக்கு: அங்கே முதல்முறை தெரிந்ததுமே விரட்டப் பார்ப்பதுண்டு.

மருந்துத் தேர்வில்தான் சறுக்கல் அதிகம். அமாக்ஸிசிலினுடன் கிளாவுலனேட் சேர்ந்திருக்கிறதே, கேட்காதா என்பார்கள். கிளாவுலனேட் செய்வது, மருந்தை வெட்டும் நொதியை அடக்குவது. எம்.ஆர்.எஸ்.ஏ.வோ மருந்து ஒட்ட வேண்டிய புரதத்தையே மாற்றிக்கொண்ட கிருமி. அதனால் செஃப்ட்ரியாக்சோனும் பயன்படாது. இந்த மருந்துக் குடும்பத்தில் செஃப்டரோலின் போன்ற ஓரிரண்டு மட்டுமே கேட்கும். ரிப்போர்ட்டில் செஃபாக்ஸிட்டினுக்கு எதிரே 'ஆர்' (மருந்து கேட்காது) என்றிருந்தால், செஃப்ட்ரியாக்சோன் போன்ற மற்ற பழைய செஃபலோஸ்போரின்களுக்கு 'எஸ்' (கேட்கும்) போட்டிருந்தாலும் நம்பக் கூடாது.

கிளிண்டாமைசினுக்கு 'எஸ்' வந்தால் டி-டெஸ்ட் செய்தார்களா என்று கேளுங்கள். கிருமி வளர்க்கும் தட்டில் எரித்ரோமைசின் வில்லைக்கு அருகில் கிளிண்டாமைசின் வில்லையை வைத்தால், கிருமி வளராத வட்டம் ஒரு பக்கம் தட்டையாகி ஆங்கில 'டி' போலத் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த மருந்து பாதியில் கைவிடும். எரித்ரோமைசின் குடும்பத்தைச் சேர்ந்த அசித்ரோமைசினை மாதக்கணக்கில் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். டாப்டோமைசின் ரத்தத்தில் நன்றாக வேலை செய்யும். நுரையீரலின் காற்றறைகளைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் அதை முடக்கிவிடுவதால் நிமோனியாவுக்கு உதவாது. வான்கோமைசின் 1 கிராமை நரம்பில் ஏற்றக் குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். அவசரமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். அதைப் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம்.

லினசோலிட் மாத்திரையாகவே ஏறக்குறைய முழுதும் உடலில் சேரும்; ஊசிக்காக மட்டும் அட்மிட் ஆக வேண்டியதில்லை. ஆனால் வாரம் ஒருமுறை ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டினால் தட்டணுக்கள் குறையலாம். செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், டிபி. ரிஃபாம்பிசின், லினசோலிட் இரண்டும் டிபி கிருமியையும் தாக்கும். டிபி இல்லை என்று சோதிக்காமல் இவற்றைத் தொடங்கினால், நோய் கொஞ்ச நாள் மறைந்திருந்து, மருந்துக்கு மசியாததாகத் திரும்பி வரலாம். எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு ரிஃபாம்பிசினைத் தனியாகக் கொடுப்பதும் கூடாது. சீக்கிரமே எதிர்ப்பு வந்துவிடும்.

கடைசியாக நெபுலைசர். கோப்பையையும் வாய்க்குழலையும் ஒவ்வொரு முறையும் சோப்பில் கழுவி, தினம் ஒருமுறை, தயாரிப்பாளர் அனுமதித்தால், கொதிநீரில் 5 நிமிடம் போடுங்கள். வினிகர் ஸ்டாஃபை நம்பகமாகக் கொல்லாது. கொதிக்க வைத்ததைக் குழாய்த் தண்ணீரில் அலசுவதும், தோளில் கிடக்கும் துண்டால் துடைப்பதும் செய்த வேலையைக் கெடுக்கும். உதறிவிட்டுக் காற்றிலேயே உலரட்டும். உடைத்த சலைன் ஆம்பியூலில் மிச்சமிருப்பதை நாளைக்கு என்று மூடி வைக்காமல் கொட்டிவிடுங்கள்.