மேட்டூர் கிளம்பும் முன் இரண்டு எண்களைப் பாருங்கள்

சேலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மேட்டூர், பூலாம்பட்டி பக்கம் கிளம்புகிறவர்கள் காலைப் பேப்பரில் அணையின் நீர்மட்டத்தையும் வெளியேற்றத்தையும் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். வெளியேற்றம் கன அடி கணக்கில் இருக்கும், அதாவது ஒரு விநாடிக்கு எத்தனை கன அடி என்று. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர், அப்படியானால் 10,000 கன அடி திறந்தால் ஒவ்வொரு விநாடியும் 2,80,000 லிட்டர் உங்கள் முன்னால் ஓடுகிறது, அதில் குழந்தையை இறக்கிக் குளிக்க வைக்க முடியுமா? பூலாம்பட்டியிலிருந்து எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகும் விசைப்படகையும் வெள்ளக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள்.

தண்ணீர் அடங்கியிருக்கும் நாளில் அந்தப் படகுப் பயணம் அவ்வளவு அருமை. காலையில் போங்கள், பாறை மேல் நீர்க்காகம் இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் காயவைத்தபடி அசையாமல் நிற்கும்.

நீர்மட்டம் முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டால் பதினாறு கண் மதகில் உபரி நீர் பாய்வதைப் பார்க்கலாம். குறைந்தாலும் ஏமாற்றம் இல்லை. 1934-இல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய ஊர்களின் மிச்சமாக, பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் அப்போதுதான் வெளியே தெரியும். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த காட்சி.

அப்புறம், ஆடி 18 அன்று மட்டும் விடியும் முன்பே போய்விடுங்கள், கூட்டம் தாங்காது.