நாசிக் ஒயின் வாங்குவோர் கவனத்திற்கு
மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் மழைக்காலம் ஓய்ந்தபின் கொடிகளைக் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை திராட்சையை அறுவடை செய்கிறார்கள். ஆகவே ஒயின் ஆலைகளைப் பார்க்க விரும்புவோர் அந்த மாதங்களில் சென்றால், பழம் நசுக்கப்படுவதையும் சாறு எஃகுத் தொட்டிகளில் நொதிப்பதையும் நேரில் காணலாம். ராஜீவ் சாமந்த், கலிபோர்னிய ஒயின் வல்லுநர் கெர்ரி டாம்ஸ்கியின் துணையுடன் நாசிக்கில் தொடங்கிய சுலா ஒயின் நிறுவனம் 2000-இல் வெளியிட்ட முதல் ஒயின்கள், அந்தந்தத் திராட்சை வகையின் பெயரையே கொண்ட சாவிஞோன் பிளாங்கும் செனின் பிளாங்கும் ஆகும். இத்தகைய வெள்ளை ஒயின்களுக்கு அழகே புதுமணமும் இதமான புளிப்பும்தான் என்பதால், புட்டியில் அச்சிட்டுள்ள அறுவடை ஆண்டைப் பார்த்து, அண்மைய ஆண்டினதையே வாங்குங்கள். திருகுமூடி இருப்பது தரக்குறைவு அன்று. ஆனால் வெயில் படும் அலமாரியில் நின்ற புட்டியை, விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.