உண்டியலைக் கையில் எடுக்கும் முன்: மாணவர்கள் நிதி திரட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியில் ஒரு சேவைக் குழு புதிதாகக் கூடினால் முதலில் எழும் கேள்வி, "என்ன புரோகிராம் பண்ணலாம்?" என்பதுதான். உணவுத் திருவிழாவா, மாரத்தானா, இன்னிசை நிகழ்ச்சியா என்று பேச்சு சூடு பிடிக்கும். யாருக்கு, என்ன, எவ்வளவு தேவை என்ற கணக்கு கடைசியில்தான் வரும். பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தத் தலைகீழ் வரிசையிலிருந்தே முளைக்கின்றன.

உதவப் போகும் குழந்தைகள் இல்லத்துக்கு முதலில் ஒரு நடை போய்ப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். தீபாவளியன்று இனிப்பும் பிரியாணியும் நான்கு இடங்களிலிருந்து வந்து மிஞ்சிப்போகும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஷூவுக்கும் நோட்டுக்கும் ஆள் இருக்காது. முதியோர் இல்லம் என்றால் டயாபர், சர்க்கரை மாத்திரை, கேஸ் சிலிண்டர் என்று பட்டியலே வேறு. 2015 சென்னை வெள்ளத்தின்போது நல்ல மனதோடு அனுப்பிய பழைய துணிகள் யாருக்கும் பயன்படாமல் குவிந்து கிடந்ததைப் பார்த்தோமே, அதுவும் கேட்காமல் கொடுத்ததன் விளைவுதான். தேவை தெரிந்துவிட்டால் கேட்பதும் எளிது. "ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவுங்கள்" என்பதைவிட, "40 பிள்ளைகளுக்கு ஷூ வாங்குகிறோம், ஒரு ஜோடி 350 ரூபாய்" என்று சொல்லுங்கள். ஒரு ஜோடிக்கு நான் தருகிறேன் என்று சொல்ல ஆள் இருப்பார்கள்.

அடுத்தது, திரட்டிய பணத்தை நிகழ்ச்சியே தின்றுவிடுவது. உதாரணத்துக்கு, 100 ரூபாய் டிக்கெட்டில் 200 பேர் வந்தால் 20,000 ரூபாய். மைக் செட், லைட்டுக்கு 7,000. ஃபிளெக்ஸ் பேனருக்கு 2,000. குழுவினர் 25 பேருக்கு ஆளுக்கு 250 ரூபாயில் டி-ஷர்ட் என்றால் 6,250. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,500. மிச்சம் 2,250 ரூபாய். டிக்கெட் வாங்கியவர் தன் 100 ரூபாயில் 11 ரூபாய்தான் இல்லத்துக்குப் போனது என்று அறிந்தால் அடுத்த ஆண்டு கதவைத் திறக்க மாட்டார். என்னைக் கேட்டால் டி-ஷர்ட்டும் பொன்னாடையும் முதல் கூட்டத்திலேயே பட்டியலிலிருந்து போக வேண்டும். முதல் போடாத வழிகள் நிறைய உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் முன்கூட்டியே சொல்லிவைத்துப் பழைய பேப்பர், அட்டைப்பெட்டி வாங்கி எடைக்குப் போட்டால் சணல் கயிற்றைத் தவிரச் செலவே கிடையாது. எடைக் கடைக்காரரிடம் கையெழுத்திட்ட சீட்டு வாங்க மட்டும் மறக்க வேண்டாம்.

இணையத்தில் வெளிநாட்டு யோசனைகளைப் பார்த்துக் குலுக்கல் சீட்டு அடிக்கும் குழுக்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. சீட்டுக்குப் பணம் வாங்கிக் குலுக்கிப் பரிசு கொடுப்பது, நல்ல காரியத்துக்கே என்றாலும் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். ரயிலில் உண்டியல் குலுக்குவதும் வேண்டாம். அனுமதியின்றிப் பொருள் விற்பதையும் கையேந்துவதையும் ரயில்வே சட்டத்தின் 144-ஆம் பிரிவு தடை செய்கிறது.

முதலாமாண்டு மாணவர்களிடம் "ஆளுக்கு நூறு, கட்டாயம்" என்று வசூலிப்பதும் பல இடங்களில் நடக்கிறது. அந்த வகுப்பிலேயே கல்விக் கட்டணத்துக்குத் திண்டாடும் பிள்ளை இருக்கும். கொடுக்காதவர் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடுவது கொடுமை.

பணம் எங்கே வந்து சேர்கிறது என்பதில்தான் நட்பே உடையும். யாரோ ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணை போஸ்டரில் போட்டுவிடுகிறார்கள். அவருடைய மெஸ் பில்லும் அம்மா அனுப்பிய பணமும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்த பிறகு, ஒரு ரூபாய்கூட எடுக்காதவரும் பதில் சொல்ல முடியாமல் நிற்பார். முடிந்தால் இல்லத்தின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் பொறுப்பாசிரியரும் ஒரு மாணவரும் சேர்ந்து இயக்கும் தனிக் கணக்கு வேண்டும். ரொக்கத்தை எப்போதும் இருவர் சேர்ந்து எண்ணி, அன்றைக்கே எழுதிவிட வேண்டும். நம் ஊர் மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை மூன்றும் தவறாமல் இருக்கும். அந்த ஒழுங்கே போதும். பெரிய மென்பொருள் தேவையில்லை. மொய்யையே நிதி திரட்டும் வழியாக்கியதும் உண்டு. 2024 வயநாடு நிலச்சரிவுக்குப் பின் திண்டுக்கல்லில் ஓர் உணவகம் மொய் விருந்து வைத்தது. சாப்பிட்டவர்கள் தங்களால் முடிந்ததை வைத்தார்கள், அது நிவாரணத்துக்குப் போனது.

பெரிய தொகை தருபவர் வருமான வரிச் சலுகைக்காக "80ஜி ரசீது உண்டா?" என்று கேட்பார். மாணவர் குழு அதைத் தர முடியாது, அதற்கென ஒப்புதல் பெற்ற அறக்கட்டளைதான் தர முடியும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகையும் இல்லை. தெரியாமல் "உண்டு சார்" என்று தலையாட்டிவிடாதீர்கள். துபாயில் வேலை பார்க்கும், இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் சித்தப்பா இல்லத்துக்கு நன்கொடை அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) அனுமதி பெற்ற அமைப்புதான் அதை வாங்க முடியும்.

எனக்கு மிகவும் வலிப்பது புகைப்படம்தான். இல்லத்துக் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, கையில் பொட்டலத்தைக் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொல்லி, அன்று மாலையே இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிடுகிறோம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் படத்தையோ அடையாளத்தையோ ஊடகங்களில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவு, தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள். ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் அந்தப் படத்தைத் தன் வகுப்புத் தோழியின் போனில் பார்க்க நேர்ந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? வாங்கிய ஷூக்களை அடுக்கிவைத்துப் படம் எடுங்கள், கடை பில்லைப் படம் எடுங்கள். நன்கொடையாளர் பார்க்க வேண்டியது அவைதான்.

கணக்கை ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்: வந்தது, செலவு, கொடுத்தது, பில்களின் படம். இலக்கைவிடக் கூடுதலாக வந்தால் அந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதை வசூல் தொடங்கும் முன்பே முடிவு செய்து, போஸ்டரிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். "மீதமுள்ள தொகை இதே இல்லத்தின் மருந்துச் செலவுக்கு" என்று இருந்தால் பிறகு பார்ட்டி வைக்கலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை.