ஸ்கோப்பா ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கோப்பா ஓர் இத்தாலியச் சீட்டாட்டம். ஸ்கோப்பா என்றால் இத்தாலிய மொழியில் துடைப்பம். தமிழில் ‘கூட்டுவது’ என்ற சொல்லுக்குப் பெருக்குவது, கணக்குக் கூட்டுவது என்ற இரண்டு பொருளும் உண்டு. இந்த ஆட்டத்துக்கு இரண்டுமே பொருந்தும். பத்து வரை கூட்டத் தெரிந்த பிள்ளையும் பாட்டியும் சரிசமமாக ஆடலாம். ஆனால் விதிகளை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மூன்றாவது சுற்றிலேயே சண்டை வந்துவிடும்.

முதல் குழப்பம் சீட்டிலேயே இருக்கிறது. சீட்டுக்கட்டில் 40 சீட்டுகள். காசு, கோப்பை, வாள், தடி என நான்கு இனம். 1 (ஏஸ்) முதல் 7 வரை எண்கள். பிறகு நின்றிருக்கும் வீரன் 8, குதிரைக்காரன் 9, கிரீடம் வைத்த ராஜா 10. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரச் சீட்டுக்கட்டில் படச்சீட்டுகளில் எண் இருக்காது என்பதால் புதியவர்கள் வீரனையும் ராஜாவையும் மாற்றி எண்ணிவிடுகிறார்கள். கிரீடத்தைப் பாருங்கள். அதே கட்டில் இரட்டைத்தலைக் கழுகு இருப்பது காசு ஏஸ். இத்தாலியக் கட்டு கிடைக்காவிட்டால் சாதாரணக் கட்டில் 8, 9, 10 சீட்டுகளை எடுத்துவிட்டு, ஜாக் 8, ராணி 9, ராஜா 10 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆளுக்கு 3 சீட்டு, மேசையில் 4 சீட்டு திறந்தபடி. ஆட்டம் வலப்பக்கமாகச் சுற்றும். சீட்டைப் பகிர்ந்தவருக்கு வலப்பக்கம் இருப்பவர்தான் முதலில் இறக்க வேண்டும்.

கையிலிருந்து ஒரு சீட்டை இறக்கி, அதே மதிப்புள்ள சீட்டையோ, கூட்டினால் அந்த மதிப்பு வரும் சீட்டுகளையோ மேசையிலிருந்து எடுப்பதுதான் ஆட்டம். சீட்டு எடுப்பதில்தான் விதி அதிகம் மீறப்படுகிறது. மேசையில் 2, 5, 7 கிடக்கின்றன; நீங்கள் 7 இறக்குகிறீர்கள். இரண்டு சீட்டு கிடைக்கிறதே என்று 2-ஐயும் 5-ஐயும் அள்ளக் கூடாது. அதே மதிப்புள்ள ஒற்றைச் சீட்டு இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு ஏழுகள் கிடந்தாலும் ஒன்றுதான் உங்களுக்கு.

எடுக்க எதுவும் இல்லாதபோது, ‘சின்னச் சீட்டுதானே’ என்று இறக்குவது பெரிய தவறு. மேசையில் 2-ம் 6-ம் இருக்கின்றன, கையில் ஏஸும் 3-ம் என்று வைத்துக்கொள்வோம். ஏஸ் போட்டால் மொத்தம் 9. எதிராளியின் குதிரைக்காரன் எல்லாச் சீட்டையும் எடுத்து மேசையையே துடைத்துவிடுவான்; அதுதான் ஸ்கோப்பா. அதோடு 6-ம் 1-ம் சேர்ந்து 7 ஆவதால், காசு ஏழு வைத்திருப்பவர் அதைப் பத்திரமாகக் கரைசேர்த்துவிடுவார். ‘செத்தெபெல்லோ’ என்கிற அந்தச் சீட்டுக்கே தனியாக ஒரு புள்ளி. 3 போட்டாலோ மொத்தம் 11. ஒரே சீட்டால் யாராலும் துடைக்க முடியாது, ஏழாலும் எதையும் எடுக்க முடியாது. மேசை மொத்தம் 10-ஐத் தாண்டும்படி விடுவதுதான் தற்காப்பின் அடிப்படை.

துடைத்தவர் அந்தச் சீட்டைத் தம் குவியலில் குறுக்காக, முகம் தெரிய வைக்க வேண்டும். மறந்தால் கடைசியில் எண்ண வழியில்லை. கட்டின் கடைசிச் சீட்டால் மேசை காலியானால் அது ஸ்கோப்பா ஆகாது. முடிவில் மிஞ்சும் சீட்டுகள் கடைசியாக எடுத்தவருக்குப் போகும்; அவற்றைச் சேர்க்காமலேயே எண்ணத் தொடங்குபவர்கள் நிறைய.

அதிகச் சீட்டுக்கு ஒன்று, அதிகக் காசுச் சீட்டுக்கு ஒன்று, செத்தெபெல்லோவுக்கு ஒன்று, பிரிமியெரா என்கிற தனிக் கணக்குக்கு ஒன்று, ஒவ்வொரு ஸ்கோப்பாவுக்கும் ஒன்று. இருவர் ஆடும்போது சீட்டு 20–20, காசு 5–5 என்று சமமானால் அந்தப் புள்ளி யாருக்கும் இல்லை. வழக்கமாக 11 எட்டினால் வெற்றி.

பிரிமியெரா கணக்கைக் கண்மதிப்பில் முடிக்கவே கூடாது. ஒவ்வோர் இனத்திலும் சிறந்த சீட்டு ஒன்றை எடுத்து நான்கையும் கூட்ட வேண்டும். இதற்கென்று தனி மதிப்பு: 7-க்கு 21, 6-க்கு 18, ஏஸுக்கு 16, 5-க்கு 15, 4-க்கு 14, 3-க்கு 13, 2-க்கு 12, படச்சீட்டுகளுக்கு வெறும் 10. மூன்று ஏழு வைத்திருப்பவர் ஜெயித்துவிட்டதாகவே நினைப்பார். நான்காவது இனத்தில் ராஜா மட்டும் இருந்தால் அவருக்கு 63-ம் 10-ம் சேர்த்து 73. ஒரு ஏழும் மூன்று ஆறும் வைத்திருக்கும் எதிராளிக்கு 75. அதனால் ஏழுகளைத் துரத்தும்போது ஆறுகளையும் விட்டுவிடாதீர்கள்.

அதே கட்டில் பிரிஸ்கோலா என்ற இன்னொரு சீட்டாட்டத்துக்கு மாறும்போது இந்த மதிப்புகளை மனத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். அங்கே ஏஸ் 11, மூன்று 10, ராஜா 4, குதிரைக்காரன் 3, வீரன் 2. மொத்தம் 120-ல் 61 எடுத்தவர் வெல்வார். ஸ்கோப்பாவில் உயிரான ஏழுக்கு அங்கே ஒரு புள்ளிகூடக் கிடையாது.