ஹார்ட் ஆபரேஷனுக்கு அப்புறமும் ஆர்வில ஊர் சுத்தலாம், ஆனா இதெல்லாம் மாத்திக்கணும்

ரிட்டயர் ஆகி அமெரிக்கால ஆர்வில (சமையல், படுக்கை, டாய்லெட் எல்லாம் உள்ள வீட்டு வண்டி) சுத்திட்டு இருக்கறவங்களுக்கு ஒரு பைபாஸோ ஸ்டென்ட்டோ வந்துட்டா சொந்தக்காரங்க எல்லாம் ஒரே குரல்ல "வண்டிய வித்துடுங்க"ம்பாங்க, எங்க வீட்லயும் அதான் நடந்துச்சு. அவசரப்பட்டு விக்காதீங்க. எல்லாரும் ஓட்டறதப் பத்திதான் பயப்படுவாங்க, ஆனா நான் பாத்தவரைக்கும் ஆளக் கவுக்கறது ஸ்டியரிங் இல்ல, கேம்ப்கிரவுண்ட்ல இறங்கினதும் வெளில பண்ற வேலைங்கதான்.

கேஸ் சிலிண்டரையே எடுத்துக்கோங்க. 20 பவுண்டு சிலிண்டர்னு பேரு, ஆனா இரும்பு வெயிட்டும் சேர்ந்து ஃபுல்லா இருந்தா கிட்டத்தட்ட 37 பவுண்டு வரும். பைபாஸ் ஆனவங்கள நெஞ்செலும்பு கூடற வரைக்கும் பொதுவா 10 பவுண்டுக்கு மேல தூக்காதீங்கம்பாங்க. அதனால டாக்டர்கிட்ட "டிராவல் பண்ணலாமா"ன்னு மொட்டையா கேக்காதீங்க, எவ்ளோ வெயிட் தூக்கலாம், எவ்ளோ நேரம் தொடர்ந்து ஓட்டலாம், எவ்ளோ உயரம் வரைக்கும் போலாம்னு தனித்தனியா கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

அடுத்து கழிவு டேங்க் காலி பண்றது. இது இவ்ளோ நாள் ஐயாவோட டிபார்ட்மென்ட்டா இருந்திருக்கும், இப்போ அம்மாவும் கத்துக்கணும், வேற வழியில்ல. கையுறை போட்டுக்கோங்க, ஒரு குட்டி ஸ்டூல் போட்டு உக்காந்துக்கோங்க, குனிஞ்சு குனிஞ்சு பண்ணாதான் தலை சுத்தும். ஹோஸ் ரெண்டு பக்கமும் டைட்டா மாட்டியிருக்கான்னு ஒரு தடவ ஆட்டிப் பாத்துட்டு, முதல்ல டாய்லெட் கழிவு இருக்கற கருப்பு டேங்க் வால்வத் திறங்க, அது காலியானப்புறம் பாத்திரம் கழுவின தண்ணி இருக்கற கிரே டேங்க்கத் திறங்க, அந்தத் தண்ணியே ஹோஸக் கழுவி விட்டுடும். அந்த மூணு இஞ்ச் தடி ஹோஸோட மல்லுக்கட்ட முடியலன்னா மேசரேட்டர் பம்ப் ஒண்ணு மாட்டிக்கலாம், அரைச்சு சின்ன ஹோஸ் வழியா தள்ளிடும். காசு கொஞ்சம் ஆனாலும் ஃபுல் ஹூக்கப் (கரண்ட், தண்ணி, கழிவுக் குழாய் எல்லாம் அங்கயே இருக்கும்) உள்ள புல்-த்ரூ சைட்டா (ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளில வர்ற இடம்) புக் பண்ணுங்க, ரிவர்ஸ் எடுக்கற டென்ஷனும் இல்ல, கழிவக் கொட்டற டம்ப் ஸ்டேஷன் லைன்ல நிக்கவும் வேண்டாம். வேற வண்டில கோத்து இழுக்கற ட்ரெய்லர் வச்சிருந்தா, அந்த ஹிட்ச் (கொக்கி) மாட்டற வேலையே இல்லாத, தானா சமமா நிக்கற ஆட்டோ லெவலிங் உள்ள கிளாஸ் சி மோட்டார்ஹோமுக்கு (இன்ஜினோட சேர்ந்த நடுத்தர சைஸ் ஆர்வி) மாறலாமான்னு யோசிங்க. வீல்சேர்னா அதுக்கும் வண்டி இருக்கு, வின்னபேகோ கம்பெனி லிஃப்ட் வச்சே பண்றாங்க.

ரூட் போடறதுலதான் பெரிய மாத்தம். ஆர்விக்காரங்க நடுவுல 3-3-3ன்னு ஒரு கணக்கு உண்டு, ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல வேண்டாம், மத்தியானம் 3 மணிக்குள்ள போய்ச் சேரணும், ஒரு இடத்துல 3 நாளாவது தங்கணும். உடம்பு முடியாதவங்க மைலக் குறைச்சுக்கோங்க, 200 மைலே ஜாஸ்திதான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்தி நடங்க, இல்லன்னா கால்ல ரத்தம் கட்டிக்கற ரிஸ்க் உண்டு. உயரத்தையும் பாருங்க, கிராண்ட் கேன்யன் சவுத் ரிம்மே சுமார் 7,000 அடி, ராக்கி மவுண்டன் பார்க்ல ட்ரெயில் ரிட்ஜ் ரோடு 12,183 அடி வரைக்கும் ஏறும், ஹார்ட்டோ நுரையீரலோ வீக்கா இருந்தா டாக்டர்கிட்ட கேக்காம அங்க ஏறாதீங்க. தங்கற ஊர் பக்கத்துல ஹாஸ்பிடல் இருக்குன்னு மட்டும் பாத்தா பத்தாது, ஆஞ்சியோ பண்ற கேத் லேப் இருக்கான்னு பாக்கணும், சின்ன ஊர் ஹாஸ்பிடல்ல அது இருக்காது.

தூங்கறப்போ மூச்சு அடைக்காம இருக்க சிபாப் மெஷின் போடறவங்க, கரண்ட் கனெக்ஷன் இல்லாத இடத்துல காத்த ஈரமாக்கற ஹியூமிடிஃபையரோட ஹீட்டர ஆஃப் பண்ணிடுங்க, கரண்ட இழுக்கறது முக்கியமா அதுதான். 12 வோல்ட் டிசி அடாப்டர் வாங்கி நேரா பேட்டரில போட்டா, இன்வெர்ட்டர்ல வேஸ்ட் ஆகற கரண்ட்டும் மிச்சம். திறக்காத இன்சுலின் 36லேர்ந்து 46 டிகிரி ஃபாரன்ஹீட்ல இருக்கணும். பழைய கேஸ் ஃபிரிட்ஜ் வண்டி சாஞ்சு நின்னா ஒழுங்கா கூல் ஆகாது, ஃபிரிட்ஜுக்குள்ள ஒரு சின்ன தெர்மாமீட்டர் போட்டு வைங்க.

இன்ஷூரன்ஸ் விஷயம் கொஞ்சம் கவனமா படிங்க. மெடிகேர்ங்கறது முக்கியமா 65 வயசு ஆனவங்களுக்கு அமெரிக்க அரசு தர்ற இன்ஷூரன்ஸ். அரசே நேரா நடத்தற ஒரிஜினல் மெடிகேர்னா, மெடிகேர் எடுத்துக்கற எந்த டாக்டர்கிட்டயும் எந்த ஸ்டேட்லயும் போலாம். தனியார் கம்பெனி வழியா வர்ற மெடிகேர் அட்வான்டேஜ்ல ஹெச்எம்ஓ (குறிப்பிட்ட டாக்டர் நெட்வொர்க்குக்குள்ள மட்டும் போற) பிளான்னா வெளியூர்ல பொதுவா எமர்ஜென்சிக்கும் அவசர வைத்தியத்துக்கும் டயாலிசிஸுக்கும்தான் கவர் ஆகும், சாதாரண செக்கப்லாம் நெட்வொர்க்குக்குள்ளதான். வீடியோ கால்ல டாக்டரப் பாத்துக்கலாம்னு நினைக்கறீங்களா, நீங்க அந்த நேரத்துல நிக்கற ஸ்டேட்ல அவருக்கு லைசென்ஸ் இருக்கணும், பெரும்பாலும் அதான் ரூல், கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டு வைங்க. டயாலிசிஸ் பண்றவங்க போற ஊர் சென்டர்ல பல வாரம் முன்னாடியே சீட் போட்டு வைக்கணும். ஊர்லேர்ந்து விசிட்டர் விசால வந்திருக்கற அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போறீங்கன்னா, அவங்களுக்கு மெடிகேர் கிடையாது, விசிட்டர் இன்ஷூரன்ஸும் ஏற்கனவே இருக்கற வியாதிக்கு பெரும்பாலும் கை விரிச்சிடும்.

மாத்திரை 90 நாளுக்கு வாங்கிக்கோங்க, எல்லா ஊர்லயும் கிளை இருக்கற ஃபார்மசியா இருந்தா நல்லது. மருந்து லிஸ்ட், அலர்ஜி, டாக்டர் நம்பர் எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டுங்க. எந்த கேம்ப்கிரவுண்ட் போனாலும் பேர், ரோடு, சைட் நம்பர் மூணையும் எழுதி போன் பக்கத்துல வைங்க, எமர்ஜென்சிக்கு 911 பண்ணா முதல்ல அதத்தான் கேப்பாங்க, பதட்டத்துல ஒண்ணும் ஞாபகம் வராது. சிக்னல் இல்லாத காட்டுக்குப் போறவங்களுக்கு ஐபோன் 14லேர்ந்து சேட்டிலைட் எஸ்ஓஎஸ் இருக்கு, அத ஒரு தடவ டெமோ போட்டுப் பாத்து வைங்க.

சிட்டிசனோ கிரீன் கார்டோ இருந்து 62 வயசு ஆச்சுன்னா நேஷனல் பார்க்குக்கு ஆயுசு பூரா செல்லற சீனியர் பாஸ் 80 டாலர். நிரந்தரமான ஊனம்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா ஆக்சஸ் பாஸ், அது ஃப்ரீ. ரெண்டுலயும் பல அரசு கேம்ப்கிரவுண்ட்ல பாதி விலைதான்.

சுத்தறதே முடியலன்னாலும் வண்டிய விட வேண்டாம். குளிர்காலம் பூரா அரிசோனாலயோ டெக்சஸ் ரியோ கிராண்ட் வேலிலயோ ஒரே பார்க்ல போட்டு உக்காந்துக்கறவங்க ஏகப்பட்ட பேர். டெக்சஸ் லிவிங்ஸ்டன்ல எஸ்கேப்பீஸ்ங்கற ஆர்விக்காரங்க கிளப் கேர்னு ஒரு சென்டரே வச்சிருக்காங்க, நம்ம ஆர்விலயே இருக்கலாம், சாப்பாடும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதும் அவங்க பாத்துப்பாங்க. அங்க போற ஐடியா இருந்தா முன்கூட்டியே போன் பண்ணி இடம் இருக்கா, மாசம் எவ்ளோன்னு கேட்டுக்கோங்க.