லெவலில் நின்றால் ஆஃப்சைடா? கிரவுண்டில் தீராத சில சண்டைகள்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டம் பத்து நிமிடம் நின்றுபோனது. லைனில் கொடி பிடித்தது நான்தான். பாஸ் கிளம்பும்போது ஃபார்வர்டு கடைசி டிஃபெண்டரோடு ஒரே கோட்டில் இருந்தான். நான் கொடியைத் தூக்கவில்லை, கோல் விழுந்தது. கயிற்றுக்கு வெளியிலிருந்து பழைய ஆட்டக்காரர் ஒருவர் பாய்ந்து வந்தார்.

"தம்பி, லெவல்ல நின்னாலே ஆஃப்சைடு. நாங்க ஆடாத ஆட்டமா இது?"

"அது 90க்கு முன்னாடிண்ணே. அந்த வருஷம் மாத்திட்டாங்க."

"நான் 88லயே கால ஒடிச்சுக்கிட்டு நிறுத்திட்டனேப்பா!"

அவர் சொன்னது பொய்யில்லை, காலாவதியானது. நம் ஊர் கிரவுண்டுகளில் நடக்கும் சண்டைகளில் பல இந்த வகைதான். அவரவர் ஆடிய காலத்து விதி அவரவர் மண்டையில் அப்படியே நின்றுவிடுகிறது. விதியோ ஆண்டுதோறும் கொஞ்சம் நகர்கிறது. 1886-இல் தொடங்கிய ஐஎஃப்ஏபி என்ற அமைப்புதான் இன்றுவரை அதைத் திருத்திக்கொண்டிருக்கிறது.

ஆஃப்சைடையே எடுத்துக்கொள்வோம். பந்து வந்து சேரும்போது எங்கே நிற்கிறான் என்று பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. பார்க்க வேண்டியது சக ஆட்டக்காரன் பந்தை உதைக்கும் அந்த நொடியை. அப்போது எதிரணிப் பாதியில், பந்தையும் தாண்டி, கடைசியிலிருந்து இரண்டாவது எதிராளியையும் தாண்டி நின்றால் அது ஆஃப்சைடு இடம். கடைசி இரண்டு எதிராளிகளில் ஒருவர் கீப்பராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மூலையிலிருந்து உதைக்கும் கார்னருக்காகக் கீப்பர் முன்னே ஓடிவிட்டால், பின்னால் நிற்கும் இரண்டு டிஃபெண்டர்களை வைத்துத்தான் கணக்கு. கை நீண்டிருந்தால் கணக்கில் வராது. தலை, உடம்பு, கால் மட்டும். அந்த இடத்தில் சும்மா நிற்பதும் குற்றமில்லை. பந்தைத் தொட்டால், கீப்பரின் பார்வையை மறைத்தால், எதிராளிக்கு இடைஞ்சல் செய்தால்தான் விசில்.

பக்கக் கோட்டிலிருந்து கையால் எறியும் த்ரோ, தன் கோல் முன்னாலிருந்து உதைக்கும் கோல் கிக், கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது. இது தெரியாமல் டிஃபெண்டர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவார்கள். எதிரணிப் பையன் த்ரோவை வாங்கிக்கொண்டு போய் நிதானமாக கோல் அடித்துவிட்டு வருவான். கை தூக்குவது ரெஃப்ரியின் வேலை, உங்களுடையது ஓடுவது.

த்ரோவில் கால்தான் வினை. பந்தைத் தலைக்குப் பின்னாலிருந்து, தலைக்கு மேலாக, இரண்டு கையாலும் எறிய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேகம் கொடுக்கிற ஆசையில் பந்தை விடும் கணத்தில் பின்னங்கால் அந்தரத்துக்குப் போய்விடும். குதிகால் எழும்பலாம், இரண்டு பாதத்திலும் ஏதாவது ஒரு பகுதி மண்ணில் இருக்க வேண்டும், கோட்டின் மேலோ அதற்கு வெளியிலோ. தவறினால் த்ரோ எதிரணிக்கு. எறிந்த பந்து யார் மீதும் படாமல் எதிரணி கோலுக்குள் போனால் கோல் இல்லை, கோல் கிக். தன் கோலுக்குள்ளேயே போனால் எதிரணிக்கு கார்னர். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனின் ஊர் கடலூர். அந்த ஊரில் இன்னும் த்ரோவுக்காக மல்லுக்கட்டுகிறோம்.

'கையில பட்டா ஹேண்டு' என்பதும் பாதி உண்மைதான். வேண்டுமென்றே கை போனதா, அல்லது கையை அகல விரித்து உடம்பைப் பெரிதாக்கி வைத்திருந்தானா என்பதே கேள்வி. தோள் கையில் சேராது. அக்குளின் அடிமட்டத்துக்குக் கீழேதான் கை தொடங்குகிறது. ஆனால் தெரியாமலேயே கையில் பட்டு, அவனே உடனே கோல் அடித்தால் அந்தக் கோல் செல்லாது.

கீப்பர் விஷயத்தில்தான் விதி அதிகம் மாறியிருக்கிறது. தன் அணிக்காரன் காலால் வேண்டுமென்று தள்ளிவிட்ட பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்பது 1992-இல் வந்தது. தலையாலோ நெஞ்சாலோ கொடுத்தால் எடுக்கலாம். மீறினால் பெனால்டி என்று கத்துகிறார்கள். தண்டனை இன்டைரக்ட் ஃப்ரீ கிக் மட்டுமே. அதில் நேராக அடித்த கோல் கணக்கில் சேராது, இன்னொருவர் மீது பட வேண்டும். ரெஃப்ரி கையை உயர்த்தியே வைத்திருப்பது அதைச் சொல்லத்தான்.

பந்தைக் கையில் வைத்திருக்க ஆறு நொடி என்று படித்தவர்கள் அதை எட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். 2025-இலிருந்து எட்டு நொடி. கடைசி ஐந்து நொடியை ரெஃப்ரி கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்டுவார். தாண்டினால் எதிரணிக்கு கார்னர். கோல் கிக் பந்து, கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெனால்டி பாக்ஸை விட்டு வெளியே வர வேண்டிய அவசியமும் 2019-இலேயே போய்விட்டது.

கோட்டைப் பற்றி ஒன்று. பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே, காற்றில் போனாலும் அதே கணக்கு. பாக்ஸின் கோடும் பாக்ஸைச் சேர்ந்தது, அதன் மேல் செய்த ஃபவுலுக்கும் பெனால்டிதான். நம் ஊரில் இரண்டாம் பாதிக்குள் சுண்ணாம்பு காலோடு போய்விடும் என்பது வேறு கதை. இடைவேளையில் இன்னொரு தடவை போடச் சொல்லுங்கள்.

ஆட்டத்துக்கு வெளியே நடக்கும் தப்பு, பதிவு. புதுச்சேரி பக்கத்தில்தான் இருக்கிறது, பஸ் ஏறினால் உப்பளம் மைதானம். ஆனால் புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் கால்பந்துச் சங்கம் தனித்தனி. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியிலும் இரண்டும் தனி அணிகள். ஒரே நேரத்தில் ஒரு கிளப்பில்தான் ஒருவன் பதிவாகியிருக்க முடியும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வது பையன்தான்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு: பதினொரு பேர் ஆட்டத்தில் ஓர் அணி ஏழு பேருக்குக் கீழே போனால் ஆட்டத்தைத் தொடர முடியாது. முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டு இல்லாதவனை இறக்காதீர்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் என்றால் ஆஃப்சைடு உண்டா, ஆட்டம் எத்தனை நிமிடம், மாற்று ஆட்டக்காரர் எத்தனை பேர் என்று நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள். நான் விசில் ஊதிய ஒரு செவன்ஸில் அந்த முதல் கேள்வி அரையிறுதியில், கோல் விழுந்த பிறகுதான் வந்தது. கமிட்டியில் மூன்று பேர், மூன்று பதில்.