குளிர் ஊருக்கு குடி போகணுமா? காத்தாடி நிக்குற பக்கமா தேடுங்க

வொர்க் ஃப்ரம் ஹோம் வந்ததுல இருந்து எங்க ஆபீஸ்ல பாதி பேருக்கு இதே பேச்சுதான், சென்னைய விட்டு ஏதாவது குளுகுளு ஊரா பாத்து போயிடணும்னு. நெஜமாவே மூட்டைய கட்டினது நாலு குடும்பம், அதுல ரெண்டு ஒரே வருஷத்துல வேளச்சேரிக்கே திரும்பி வந்தாச்சு. நான் அம்மா, வீட்டுக்காரி, பையனோட மொதல்ல கோத்தகிரி போனேன், அங்க ஒத்து வரல, இப்போ மூணு வருஷமா தென்காசி பக்கம். ஊர் தேடுறவங்க எப்பவும் கேக்குற கேள்வி எல்லாத்தையும் இங்க ஒரே மூச்சுல கொட்டிடறேன்.

எல்லாரும் மொதல்ல பண்ற தப்பு, குளிர்னா மலைன்னு நெனைக்கிறது. கணக்கு என்னமோ சரிதான், ஆயிரம் மீட்டர் மேல ஏறினா சுமாரா ஆறரை டிகிரி குறையும், மேட்டுப்பாளையம் முந்நூத்தி சொச்சம் மீட்டர், ஊட்டி 2240 மீட்டர், அதனாலதான் கீழ வேர்த்து ஊத்துற அதே மத்தியானத்துல மேல ஸ்வெட்டர் போட்டுட்டு திரியுறாங்க. ஆனா மூணு நாள் ரூம் போட்டு தங்குறது வேற, அங்க சோறு பொங்கி துணி துவைச்சு வாழுறது வேற. நாங்க கோத்தகிரிக்கு புரட்டாசில போனோம். நீலகிரில கூடலூர் பக்கம் ஜூன் ஜூலைல கொட்டும், கோத்தகிரி கிழக்கு சரிவு, அதுக்கு ஐப்பசி கார்த்திகை தான் பெரிய மழைன்னு அப்போ எனக்கு தெரியாது. கார்த்திகைல ஜட்டி பனியன் கூட அஞ்சு நாள் காயல, வீட்டுக்குள்ள கயிறு கட்டி ஃபேன் போட்டு காயவெச்சோம் (குளிர் ஊர்ல ஃபேன் வாங்கின ஆள் நானாத்தான் இருப்பேன்), பீரோல மாட்டின பெல்ட் பச்சையா பூத்துப் போச்சு, உப்பு டப்பாவ தொறந்தா அடில தண்ணி நிக்குது. இதெல்லாம் கூட சமாளிக்கலாம். வீடு ரோட்டுல இருந்து முப்பத்தெட்டு படி கீழ. வாடகைக்கு பேசுறப்ப அந்த படியில நின்னுதான் செல்ஃபி எடுத்தோம், அம்மாவோட முட்டிய யாரும் யோசிக்கல. தையில அம்மா சொல்லிட்டாங்க, "டேய், நான் கடைசியா படி ஏறி மூணு வாரம் ஆச்சு, அதுக்கப்புறம் இன்னும் ரோட்ட பாக்கல".

மலையேதான் வேணும்னா போங்க, நான் தடுக்கல, ஆனா இதெல்லாம் கணக்குல வெச்சுட்டு போங்க. 2009 நவம்பர்ல நீலகிரில மண் சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்தாங்க, இப்பவும் பெருமழைன்னா மரம் விழுந்து ரோடு அடைச்சுக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் (வண்டி உள்ள போக ஆன்லைன்ல எடுக்குற அனுமதி), உள்ளூர்காரங்களுக்கு வேணாம்னாலும் உங்களை பாக்க வர்ற சொந்தக்காரங்க எடுக்கணும். இடம் வாங்கி வீடு கட்டுறதா இருந்தா கட்டடத்தோட உயரத்துல இருந்து எல்லாத்துக்கும் தனி ரூல்.

சரி, மலை இல்லாம எப்படி குளிரும்? காத்து. மேற்குத் தொடர்ச்சி மலை கேரளாவுக்கும் நமக்கும் நடுவுல செவுரு மாதிரி நிக்குது, அந்த செவுத்துல அங்கங்க கணவாய் இருக்கு. கோடை முடியுற நேரத்துல அரபிக்கடல் பக்கத்துல இருந்து வர்ற ஈரக்காத்து நம்ம பக்கம் காய்ஞ்சு கெடக்குற நெலத்த நோக்கி இழுபடும், செவுத்துல மோதினது பாதி கேரளாவுலயே மழையா கொட்டிடும், கணவாய்ல பூந்தது மட்டும் நெரிச்சுக்கிட்டு வேகமா இந்த பக்கம் வந்து வீசும். காத்தாலை போடுறவங்க இத எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்க, தமிழ்நாட்டுல அவங்க குறிவெச்சு போன நாலு கணவாய்: பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. அதனால ஊர் தேடுறப்ப என்னோட ஷார்ட்கட், தூரத்துல பெரிய பெரிய காத்தாடி சுத்துதா, அதுக்கு மேற்கால மலை தெரியுதா, அப்போ அந்த காத்தாடிக்கும் மலைக்கும் நடுவுல இருக்குற ஊர பாருங்க. வைகாசி கடைசில இருந்து ஆவணி புரட்டாசி வரைக்கும், மெட்ராஸ் வேகுற காலத்துல, அங்க ஏசி தேவைப்படாது.

நாலுல எதுன்றது உங்க பொழப்ப பொறுத்தது. பாலக்காடு கணவாய்தான் இருக்குறதுலயே அகலம், முப்பது கிலோமீட்டருக்கு மேல, அதனால பொள்ளாச்சி உடுமலை ரெண்டுக்கும் காத்து தாராளம், கோயம்புத்தூர் பக்கத்துல, ஏர்போர்ட் ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் கவலை இல்ல, அதுக்கு ஏத்த மாதிரி இடத்து வெலையும் ஏறிக் கெடக்கு. கம்பம் பள்ளத்தாக்கு எனக்கு ரொம்ப புடிச்சது, முல்லைப்பெரியாறு தண்ணி, திராட்சைத் தோட்டம், கொஞ்ச நேரத்துல குமுளி ஏறிடலாம், ஆனா ரயிலு போடியோட நிக்குது, அதுவும் அகலப்பாதை ஆகி 2023லதான் போடி வரைக்கும் வந்துச்சு, கம்பத்துல இருந்து பஸ் ஏறிதான் போகணும். ஆரல்வாய்மொழி, பூதப்பாண்டி பக்கம் ரெண்டு பருவமழையும் உண்டு, பச்சை பசேல்னு இருக்கும், நெரிசலும் கூடவே உண்டு. நாங்க தென்காசிக்கு, அதாவது செங்கோட்டை கணவாய் பக்கம், வந்தது ஒரே காரணத்துக்குதான், சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறி படுத்தா காலைல சென்னை. மாசத்துக்கு ஒரு தடவ ஆபீஸ்ல மூஞ்சிய காட்டணும்ல.

ஊர் முடிவாச்சா, இப்போ அந்த ஊரோட மோசமான மாசத்துல போய் பாருங்க. எல்லாரும் சீசனுக்கு குத்தாலம் வந்து சாரல்ல நனைஞ்சுட்டு, செங்கோட்டை பக்கம் பார்டர் கடைல புரோட்டாவும் சிக்கனும் சாப்ட்டுட்டு, "இங்கயே இருந்துடலாம்டா"ன்னு சொல்லுவாங்க. காத்து வர்றதுக்கு முன்னாடி மாசி பங்குனி சித்திரைல தென்காசியும் வேகும், அத சொல்ல மாட்டாங்க. சீசன்லயும் லீவு நாள்ல குத்தாலம் ரோட்டுல வண்டி நகராது, கார்த்திகை மார்கழில ஐயப்ப சாமிங்க கூட்டம் வேற. காத்தும் சும்மா தென்றல் இல்லைங்க, ஆடி காத்துல அம்மியும் பறக்கும்னு பெரியவங்க சும்மா சொல்லல. மொத ஆடில மாடில கொடில சாதாரணமா துணிய போட்டுட்டு மீட்டிங்ல ஒக்காந்துட்டேன், முடிச்சுட்டு போய் பாத்தா ரெண்டு சட்டையும் ஒரு பெட்ஷீட்டும் காணோம். எதிர்வீட்டு ஆச்சி திண்ணைல ஒக்காந்து சிரிக்கிறாங்க, "கிளிப்பு போடாமயா காயப்போட்டிய தம்பி, இனி பாவூர்சத்திரத்துல போயித்தான் பொறுக்கணும்". பெட்ஷீட் மூணாவது வீட்டு முருங்கைல கெடைச்சுது, சட்டை இன்னி வரைக்கும் கெடைக்கல. வீடு பாக்குறப்ப மேற்கால ஜன்னல் எத்தனை, அதுக்கு சன்ஷேடு இருக்கா, கதவுக்கு கொக்கி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா மூணு மாசத்துக்கு டமால் டமால்னு கதவு அடிக்கிற சத்தத்துலயே பைத்தியம் புடிச்சுடும், சாரலும் நேரா சோஃபா மேல விழும்.

அதே ஏரியாவுக்குள்ளயே கிழக்க தள்ளி போகப் போக மழை கம்மி, வெயில் ஜாஸ்தி. அதுக்குன்னு மலை அடிவாரத்துக்கே போய் ஒட்டிக்கவும் வேணாம், மேக்கரை வடகரை பக்கம் தோப்புக்குள்ள யானை வர்றது அடிக்கடி நடக்குற விஷயம். நடுவுல பாருங்க.

தண்ணிய ஓனர்கிட்ட கேக்காதீங்க, எல்லா ஓனரும் "தேன் மாதிரி தண்ணி சார்"னுதான் சொல்லுவாங்க. நேரா பாத்ரூமுக்கு போய் பைப்பையும் ஷவரையும் பாருங்க, வெள்ளை வெள்ளையா உப்பு பூத்திருந்தா அது போர் தண்ணி, சோப்பு நுரைக்காது, ஹீட்டர் ரெண்டு வருஷத்துல போயிடும். அப்புறம் பக்கத்து வீட்டு அக்காகிட்ட நல்ல தண்ணி எத்தனை நாளுக்கு ஒருக்கா வருதுன்னு கேளுங்க, அதுவும் சித்திரைல எத்தனை நாளுக்குன்னு சேத்து கேளுங்க.

ஆஸ்பத்திரி விஷயத்துல நான் கொஞ்சம் கறார். வீட்டுல வயசானவங்க இருந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னா எங்க போவோம்னு மொதல்லயே முடிவு பண்ணி வெச்சுக்கணும். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அதுக்கு ஸ்கேன் வேணும், அத பாத்து சொல்ற டாக்டர் வேணும். தென்காசி 2019 நவம்பர்ல தனி மாவட்டம் ஆகிடுச்சு, மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி இருக்கு, இருந்தாலும் பெரிய கேஸ்னா திருநெல்வேலி மெடிக்கல் காலேஜுக்குதான், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல. நாங்க குடி வர்றதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி வேணும்னே கார எடுத்துட்டு போய் எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாத்தோம். வீட்டுக்காரி என்னை ஒரு மாதிரி பாத்தா, பரவால்ல.

நெட்டுக்கு ரொம்ப பயப்பட வேணாம், தென்காசி பக்கத்துல மத்தளம்பாறை கிராமத்துல இருந்தே சோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி காலங்காலமா வேலை பாக்குது. உங்க தெருவுல ஃபைபர் இருக்கான்னு மட்டும் கேளுங்க, மாசத்துல ஒரு நாள் பராமரிப்புக்கு பகல் முழுக்க கரண்ட் இருக்காது, அதனால இன்வெர்ட்டர் கண்டிப்பா வேணும், ரவுட்டரையும் அதுல சேத்துடுங்க.

மனுஷங்கள பத்தி. வாடகைக்கு வீடு கேக்க போனா மொத கேள்வி எந்த ஊரு, ரெண்டாவது நீங்க என்ன ஆளுங்க. ரெண்டாவது கேள்விக்கு அர்த்தம் உங்களுக்கே தெரியும். எனக்கு ஒரு வீடு அந்த கேள்விலயே போச்சு, எரிச்சலாத்தான் இருந்துச்சு, அப்படி கேக்காத ஓனர் கெடைக்கிற வரைக்கும் லாட்ஜ்ல இருந்தோம். அப்புறம் கோயில் கொடை, அதாவது ஊர் கோயில் திருவிழா. சாமி கும்பிடுறதுல நமக்கு என்ன பிரச்சனை, ஆனா குழாய் ஸ்பீக்கர் உங்க பெட்ரூம் ஜன்னலுக்கு நேரா இருந்தா ரெண்டு ராத்திரி தூக்கம் அவ்ளோதான், வீட்டுல இருந்து கோயில் எவ்ளோ தூரம்னு பாத்துக்கோங்க. அதே சமயம் அம்மாவுக்கு ஜுரம் வந்தப்ப ஆச்சி வீட்டுல இருந்து மூணு நாள் கஞ்சி வந்துச்சு, வேளச்சேரில பத்து வருஷம் இருந்தும் எதிர் ஃப்ளாட்ல யாருன்னு எனக்கு தெரியாது.

இடம் வாங்குறத பத்தி கேக்குறவங்களுக்கு, ஒரு வருஷம் முழுசா வாடகைல இருந்துட்டு வாங்குங்க. வாங்குறப்ப முப்பது வருஷ வில்லங்க சான்று போட்டு பாருங்க, பட்டாவும் அ-பதிவேடும் (நிலம் என்ன வகைன்னு சொல்ற கிராமக் கணக்கு) ஆன்லைன்லயே பாக்கலாம், அதுல நஞ்சையா புஞ்சையா இல்ல ஏதாவது புறம்போக்கான்னு பாருங்க. இந்த பக்கம் குளம் ஜாஸ்தி, தண்ணி இல்லாத வருஷம் குளத்தாங்கரைல பிளாட் கல்லு முளைக்கும். மலைய ஒட்டின சில கிராமங்களுக்கு மலைப்பகுதி பாதுகாப்பு விதி வரும், சில எஸ்டேட் நிலம் 1949ல வந்த தனியார் காடுகள் சட்டத்துல மாட்டியிருக்கும், அத வாங்க விக்க கமிட்டி அனுமதி வேணும். புரோக்கர் "எல்லாம் க்ளியர் சார்"னு சொன்னா தலைய மட்டும் ஆட்டிட்டு, அந்த ஊரு ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பழகின ஒரு வக்கீல்கிட்ட பேப்பர குடுத்துடுங்க.

இவ்ளோ படிச்சுட்டு இந்த வாரமே கெளம்பாதீங்க, சித்திரைல ஒரு வாரம் லீவு போட்டுட்டு வாங்க. லாட்ஜ்ல ஏசி இல்லாத ரூமா கேளுங்க, மத்தியானம் பஸ்ல சுத்துங்க, அம்மாவையும் கூட்டிட்டு வாங்க.